ஆளுக்கு ஒரு முட்டை

ஆளுக்கு ஒரு முட்டை. அந்த முட்டை எவ்வளவு மாவைக் குடிக்கிறதோ அவ்வளவு மாவு. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஆகாது. பாஸ்டா செய்ய இதற்கு மேல் கணக்கு ஒன்றும் கிடையாது. கடையில் சோயாமீட் பெக்கட்டுக்குப் பக்கத்தில் குழல் குழலாகத் தொங்குகிறதே, அது வேறு, அது தகரம் மாதிரி. நான் சொல்வது வீட்டிலேயே மாவு பிசைந்து, தேய்த்து, வெட்டி, ஈரம் காய்வதற்குள் அவித்துத் தின்பது. வட்டகொடை ஸ்டேசனிலிருந்து எங்கள் மலை வரைக்கும் அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. பேத்தி எழுதுகிறாள். நான் ‘வந்துச்சு’ என்கிறேன், அவள் ‘வந்தது’ என்று எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் பிடித்த வியாதி, இருக்கட்டும். ஆட்கள் வாயால் பேசியதை மட்டும் பேசினபடியே எழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏனென்றால் இது ஒரு வார்த்தை காதில் தப்பாக விழுந்த கதை.

என் மகள் பாஸ்டா என்று சொன்னாள். நான் பாஸ்டர் என்று கேட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அதைச் சரிசெய்வதற்குள் அவள் செத்துப் போனாள்.

அவள் எனக்கு ஒரே பிள்ளை. அவள் புருசன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். மூன்று வயதுப் பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டு அவள் லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அந்தப் பிள்ளைதான் இப்போது இதை எழுதிக்கொண்டு மூக்கை உறிஞ்சுகிறது. அங்கே மகளுக்கு ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இத்தாலிக்காரக் கிழவி, கல்யாணம் கட்டி அந்த ஊருக்கு வந்தவளாம். ஏழாம் மாடி. நல்லவள்தான், ஆனால் தூங்கமாட்டாள் என்று மகள் சொல்வாள். என் மாமியாரும் அப்படித்தான் இருந்தாள், விடிய விடிய இருமிக்கொண்டு எல்லாரையும் எழுப்பிவிடுவாள். அதை விடுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், போன் வேலை செய்யாது. மாடசாமி கோயில் மேட்டுக்கு ஏறவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே போனால் ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி கட்டாருக்கு, ஒருத்தி சவூதிக்கு, ஒருத்தன் கொழும்பில் இருக்கிற கடை முதலாளிக்கு. யார் வீட்டுச் சங்கதியும் யாருக்கும் மறைவில்லை. காற்று வேறு, பேச்சில் பாதியைக் கொண்டுபோய் அடுத்த தோட்டத்தில் போட்டுவிடும். என்னிடம் இருந்தது பொத்தான் போன். படம் வராது, குரல் மட்டும்தான்.

அந்த ஞாயிறு மகள் நல்ல சந்தோசமாக இருந்தாள். எடுத்ததுமே சொன்னாள்.

“அம்மா, ஞாயித்துக்கெழமையானா எனக்கு பாஸ்டா இல்லாம முடியலம்மா.”

எனக்குப் பாஸ்டர் என்று விழுந்தது. யார் உன்னை இப்படிப் பழக்கிவிட்டது என்று கேட்டேன்.

“இந்தக் கெழவிதாம்மா. கையப் புடிச்சு சொல்லிக் குடுத்துச்சு. முட்ட போட்டுத்தான் செய்யணுமாம். தண்ணி…”

முட்டை போட்டு என்று அவள் சொன்னது எனக்கு முட்டி போட்டு என்று விழுந்தது. முட்டி போட்டுச் செய்வது என்றால் ஜெபம்தானே. அதற்கு மேல் தண்ணி என்றாள். சரி, தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டார்கள், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பாள், பாவம். மிச்சத்தைக் காற்று தின்றுவிட்டது.

பாஸ்டர் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. எங்கள் கீழ் லயத்தில் ஜெபக்கூடம் நடத்துகிறவர் தங்கமான மனிதர். ஆனால் என் தங்கச்சி அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள். தீராத வயிற்றுவலி தீர்ந்ததென்று போனாள். எங்கள் அம்மா செத்தபோது வந்தாள், எங்களையெல்லாம் விட அதிகமாக அழுதாள். பதினாறாம் நாள் கருமாதியில், செத்தவளுக்கு இலை போட்டுப் படைத்த சோற்றை மட்டும் தொடமாட்டேன் என்றாள். லயத்தை ஒட்டித் தண்ணீர் ஓடுகிற கானின் கட்டு மேல் உட்கார்ந்து, கொண்டுவந்த பாண் ரொட்டியைத் தனியாகப் பிய்த்துத் தின்றாள். அவள் மனசுக்கு அது சரி. எனக்குத்தான் அந்தக் காட்சி போகவே இல்லை. எனக்கு இருப்பது ஒரே மகள். அவளும் போய்விட்டால் நாளைக்கு எனக்கு யார் இலை போடுவார்கள்? என் பயமெல்லாம் அதுதான். பசிக்குப் பயந்த பிறவி நாங்கள், செத்த பிறகும் அந்தப் பயம் விடாது.

அதனால் மேட்டில் எல்லாரும் கேட்கக் கத்தினேன்.

“பாஸ்டரா அம்மாவா, ஒன்னச் சொல்லு இப்ப.”

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள்.

“இப்போதைக்கு பாஸ்டாதாம்மா” என்றாள்.

நான் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டேன். அவள் சிரிப்பு அரைவாசியில் நின்றது.

அடுத்த ஞாயிறு நான் மேட்டுக்குப் போகவில்லை, என் வீட்டுக்காரரை அனுப்பினேன். அவர் முப்பது வருசம் ஃபேக்டரியில் நின்றவர். அந்த மெசின் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது. வாயும் காதோடு சேர்ந்து போய்விட்டது என்பேன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். மேட்டிலிருந்து இறங்கி வந்தார். என்ன சொன்னீங்க என்று கேட்டேன். அம்மா பாஸ்டர் விசயத்தில் கோபமாக இருக்கிறாள் என்று சொன்னாராம். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“வந்து காட்டுறாளாம்.”

“எதக் காட்டுறா? ஆளையே கூட்டிக்கிட்டு வாறாளா?”

“அது என்னமோ. வந்து காட்டுறேன்னா.”

அவள் சொன்னது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. ஊருக்கு வந்து அம்மாவுக்குச் செய்து காட்டுகிறேன், தின்று பார்த்தால் கோபம் போய்விடும் என்றிருக்கிறாள். இந்த மனுசன் பாதியை வழியில் கொட்டிவிட்டு மிச்சத்தை என்னிடம் கொண்டுவந்தார். நான் வேறு மாதிரி நினைத்து இன்னும் எரிந்தேன். அவளே எடுத்தால்கூடப் பேசுவதில்லை என்று போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டேன்.

ஒன்பது ஞாயிறு. பேத்தி விரல் விட்டு எண்ணிச் சொல்கிறாள், நானும் எண்ணித்தான் வைத்திருக்கிறேன். ஞாயிறு ரெண்டு மணி ஆனால் என் கால் தன்பாட்டில் மேட்டுப் பக்கம் திரும்பும். நான் உட்கார்ந்து சாம்பல் போட்டுச் சட்டி தேய்ப்பேன். அந்த ஒன்பது ஞாயிறு என் வீட்டுச் சட்டிகள் மின்னிய மாதிரி அதற்கு முன்னும் மின்னவில்லை, பின்னும் மின்னவில்லை.

பத்தாவது ஞாயிறு வருவதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. மத்தியானக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்கிறேன். எங்கள் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா என் முறை வருவதற்கு முன்னாலேயே கிட்ட வந்தார். “ஒக்காரும்மா” என்றார். நாற்பது வருசம் இந்த மலையில் கொழுந்து எடுத்திருக்கிறேன். ஒரு கண்டாக்கு என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

மகளுக்கு மூளையில் நரம்பு வெடித்ததாம். துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாளாம், கையில் ஈரத்துணியோடு விழுந்தாளாம். ஒருத்தர் மேலும் பழி இல்லை. அப்படிச் சில பேருக்கு வரும் என்று சொன்னார்கள்.

பெட்டி வந்து சேர மூன்று கிழமைக்கு மேல் ஆனது. வந்த அன்று நல்ல மழை. அந்த நாட்டுப் பெட்டி அகலம். எங்கள் காம்பரா அறை வாசல் வெள்ளைக்காரன் காலத்தில் அளந்து வைத்தது, ஆள் நுழையும், பெட்டி நுழையாது. சரித்துப் பார்க்கலாமா என்று ஒருத்தன் கேட்டான். அது சரிக்கிற சாமானா? அதனால் வெளியே, இஸ்தோப்பில், பெட்டி வைக்கும் அளவுக்கே உள்ள அந்தத் திண்டில் வைத்து மேலே தார்ப்பாய் கட்டினோம். அஞ்சு வருசம் கழித்து வீட்டுக்கு வந்த பிள்ளை வாசலுக்கு வெளியிலேயே படுத்துக் கிடந்தாள். மழைத்தண்ணீர் தார்ப்பாயில் குளமாகக் கட்டும், ஒருத்தர் கம்பால் குத்திவிடுவார், அது அவள் கால்மாட்டில் விழும். நான் உள்ளே போய்ப் படுக்கமாட்டேன் என்று அங்கேயே இருந்தேன்.

தூக்கிப் போகும்போது சறுக்கல் பாதை. நாலாவது மூலைக்கு ஆள் இல்லை. கீழ் லயத்துப் பாஸ்டர் வந்து தோள் கொடுத்தார். சேற்றில் அவர் செருப்பு போய்விட்டது. வெறுங்காலோடு கடைசி வரைக்கும் வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஒரு பாவமும் செய்யாதவர், என் மகள் பேரைக்கூட அன்றுதான் கேட்டிருப்பார். ஆனாலும் மனசுக்குள், உங்கள் ஆளால்தான் என் பிள்ளையோடு பேசாமல் விட்டேன் என்று சபித்துக்கொண்டே நடந்தேன்.

அடக்கம் பண்ணிப் பதினாறாம் நாள் கருமாதி. அதற்கு முதல் நாள் மத்தியானம் பெண்கள் எல்லாரும் இஸ்தோப்பில் கூடினார்கள். படையல் இலையில் என்னென்ன வைப்பது என்று பேசவேண்டும். செத்தவருக்கு உசிரோடு இருக்கும்போது என்ன பிடிக்குமோ அதையெல்லாம் வைக்கவேண்டும், ஒன்று குறைந்தாலும் வயிறு நிறையாமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நான் சொல்லிக்கொண்டே போனேன். தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், பருப்பு வடை, கோழிக்கறி. எல்லாம் அவள் பாவாடை கட்டின வயதில் தின்றது. அதற்குப் பிறகு அவளுக்கு என்ன பிடித்தது என்று எனக்குத் தெரியாது. அப்போது மேக்கணக்குப் பெண் வாயைத் திறந்தாள். எங்கள் தோட்டத்தின் மேல் பகுதியை மேக்கணக்கு என்போம். அந்தப் பெண்ணும் லெபனானில்தான் வேலை, மகள் இருந்த அதே கட்டிடத்தில் ரெண்டு மாடி கீழே. பெட்டியோடு கூடவே லீவில் வந்தவள்.

“பெரியம்மா, பாஸ்டாவும் வைக்கணும். அதுன்னா அவளுக்கு உசுரு.”

நான் எழுந்து நின்றேன்.

“செத்தும் விடமாட்டீங்களாடி? எலையில பாஸ்டரக் கொண்டாந்து வைக்கச் சொல்றியா?”

ஒருத்தரும் மூச்சு விடவில்லை. என் தங்கச்சி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மேக்கணக்குப் பெண் என்னையே பார்த்தாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். பிறகு பிள்ளைக்குச் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

“பாஸ்டர் இல்ல பெரியம்மா. பாஸ்டா. மாவுல செய்றது. நூடுல்ஸ் மாதிரி.”

“முட்டி போட்டுன்னு சொன்னாளே.”

“முட்ட. முட்ட ஒடச்சுப் போட்டு.”

நான்தான் முதலில் சிரித்தேன். பேத்தி இதை எழுத வேண்டாம் என்கிறாள், எழுதடி என்கிறேன். செத்த வீட்டில், பெற்ற தாய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாவு. ஒரு பிடி மாவு. அதைப் போய்ப் பாஸ்டர் என்று நினைத்து ஒன்பது ஞாயிறு சட்டி தேய்த்தேனே. பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்போது அந்தப் பெண் மிச்சத்தையும் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னது நல்லதுதான்.

“பாஸ்டா விசயத்துல நீங்க கோவமா இருக்கீங்கன்னு அப்பா சொன்னாராம். நீங்கள்லாம் இங்க ரொட்டியும் சம்பலும் திங்கிறப்ப, அவ மட்டும் முட்டயும் மாவுமா திங்கிறது அம்மாவுக்குப் புடிக்கலன்னு நெனச்சுக்கிட்டா. ஊருக்கு வந்து ஒங்களுக்குச் செஞ்சு குடுக்குற வரைக்கும் தொடமாட்டேன்னு நேந்துக்கிட்டா. ஞாயித்துக்கெழம கெழவிக்குச் செஞ்சு குடுப்பா, எனக்குக் குடுப்பா. அவ வாயில வைக்கமாட்டா.”

பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆக, அவள் ஒன்பது ஞாயிறு அதைத் தன் கையால் பிசைந்து, அவித்து, வாசம் பிடித்து, வாயில் வைக்காமல் இருந்திருக்கிறாள். அந்த நேர்த்தியோடேயே போய்விட்டாள். எனக்குச் செய்து கொடுத்தால்தான் அது தீரும், அவள் இனிச் செய்யமுடியாது. நான் அவளுக்குச் செய்து வைத்தால் தீருமா? கோயில் பூசாரியிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் பாஸ்டா என்றால் என்ன என்று என்னைக் கேட்டார். சரி, சாமிக்கே தெரியாத பண்டத்துக்கு நாமே முடிவு செய்துகொள்ளவேண்டியதுதான் என்று திரும்பி வந்தேன். நாளைக்குக் காலையில் அது இலையில் இருக்கவேண்டும். இலையில் இருந்தால் போதாது, காகம் எடுக்கவேண்டும்.

மேக்கணக்குப் பெண்ணுக்கு அதைச் செய்யத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குசினியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மகள் செய்வதைப் பார்த்துக்கொண்டு கதையடித்தவள். பார்த்ததைச் சொன்னாள், நான் செய்தேன். பேத்தி பாடம் படிக்கிற மேசையைக் கழுவித் துடைத்தோம். மாவைக் குவித்து நடுவில் குழி எடுக்கச் சொன்னாள். எனக்கா குழி எடுக்கத் தெரியாது? உரம் போடுவதற்குத் தேயிலைச் செடி ஓரத்தில் எடுக்கிற அதே குழி. அதற்குள் முட்டையை உடைத்து ஊற்றி, கரை உடையாமல் முள்ளுக்கரண்டியால் கலக்கவேண்டும். முள்ளுக்கரண்டி லயத்தில் யார் வீட்டில் இருக்கிறது? கையால் கலக்கினேன். கரை உடைந்து முட்டை மேசையில் ஓடி, ஓரத்தில் வழிந்தது. கீழே நாய் வாயைத் திறந்துகொண்டு தயாராக இருந்தது.

எத்தனை முட்டை போடுவாள் என்று கேட்டேன்.

“ஆளுக்கு ஒரு முட்டன்னு சொல்லுவா” என்றாள் அந்தப் பெண்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆள் ஒன்றுதான். நான் இன்னொரு முட்டையை எடுத்தேன்.

ரெண்டாவது குழி நின்றது. பிசைந்தேன். ரொட்டி மாவு மாதிரி சொன்னபடி கேட்கிற மாவு இல்லை அது. கல் மாதிரி எதிர்த்து நிற்கும். உள்ளங்கை அடியால் தள்ளி, மடித்து, தள்ளி, மடித்து, அத்தனை நாள் மனசில் வைத்திருந்ததையெல்லாம் அதற்குள் அமுக்கினேன். என் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை ஏறி வெடித்துக் கிடக்கும், எந்த சவர்க்காரத்துக்கும் போகாது. மஞ்சள் மாவில் ரெண்டு சாம்பல் கோடு விழுந்தது. அழித்து அழித்துப் பிசைந்தேன், அது உள்ளே போய்விட்டது. இனி அரை மணி நேரம் மூடி வைக்கவேண்டும் என்றாள்.

“வாடப் போடுறதா?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல். என் வீட்டுக்காரர்.

ஃபேக்டரியில் பச்சைக் கொழுந்தை மேல் மாடியில் பரப்பி வாடப் போடுவார்கள். வாடினதா இல்லையா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கி, கையைத் திறப்பார்கள். கொழுந்து துள்ளி விரிந்தால் இன்னும் பச்சை. உருண்டையாகவே இருந்து மெல்ல மெல்ல அவிழ்ந்தால் பதம். அவர் எழுந்து வந்தார். துணியை விலக்கி, மாவு உருண்டையில் விரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார். குழி சட்டென்று மேலே வந்தது. “இன்னும் வாடல” என்று மூடிவிட்டார். இன்னொரு தடவை வந்து அமுக்கினார். இன்னொரு தடவை. நாலாவது தடவை குழி மெதுவாக ஏறியது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்று அந்த மாவைத் தவிர வேறு எதையும் அவர் தொடவில்லை, சோற்றையும் தொடவில்லை.

தேய்க்க உருளைக்கட்டை இல்லை. அவருடைய சாராயப் போத்தல்தான் இருந்தது, கழுவி எடுத்துக்கொண்டேன். கையை அடியில் வைத்தால் ரேகை தெரிகிற அளவுக்குத் தேய்க்கவேண்டும் என்றாள் அந்தப் பெண். தேய்த்தேன். என் ரேகையில் என்ன தெரிகிறது, கறைதான் தெரிந்தது. சேலை மடிக்கிற மாதிரி மடித்து, கத்தியால் ஒல்லி ஒல்லியாக வெட்டி, உதறி, அடுப்புக்கு மேலே மழைக்காலத்தில் துணி காயப் போடுகிற கயிற்றில் தொங்கவிட்டோம். அவித்துத் தின்னவேண்டியதை ராத்திரி முழுக்கப் புகையில் தொங்கவிடக் கூடாது என்று அன்று யாருக்குத் தெரியும்.

காலையில் அவிக்கப் போகும்போது அடுத்த பிரச்சினை. தண்ணீரில் கடல் தண்ணீர் மாதிரி உப்பு இருக்கவேண்டும் என்று அந்தக் கிழவி சொல்லுவாளாம். எங்கள் லயத்தில் கடல் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர் யார்? விசாரித்தோம். என் வீட்டுக்காரர் சிலாபம் கோயிலுக்குப் போனபோது அலை அடித்து வாய்க்குள் போயிருக்கிறது. எப்படி இருந்தது என்று கேட்டேன். யோசித்தார்.

“கருவாடு ஊறப் போட்ட தண்ணி மாதிரி.”

அந்த அளவுக்கு உப்புப் போட்டேன். வாயில் வைத்துப் பார்க்க வழியில்லை. படையலுக்கு முன்னால் ருசி பார்த்தால் எச்சில். நான் தின்றே இல்லாத ஒன்றை, ருசி பார்க்காமல், அதைத் தின்னாமல் செத்த ஒருத்திக்குச் சமைத்தேன். எண்ணெயில் பூண்டும் செத்தல் மிளகாயும் பொரித்து மேலே ஊற்றினேன், அதுதான் அவளுக்குப் பிடிக்குமாம்.

லயத்துக்குப் பின்னால், லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் இலை வைத்தோம். மூடுபனி. பனி விலகும் வரைக்கும் காகம் வராது, காகம் எடுக்கும் வரைக்கும் யாரும் சாப்பிட முடியாது. பிள்ளைகள் பசியில் சிணுங்கின. கா, கா என்று தொண்டை நோகக் கூப்பிட்டோம். ஒன்று வந்தது. இலையைச் சுற்றி நடந்தது, வடையைத் தூக்கிக்கொண்டு போனது. சுற்றி நின்றவர்களுக்கு மூச்சு வந்தது, எனக்கு வரவில்லை. வடை அவள் சின்ன வயதில் தின்றது. அதற்கும் எனக்கும் ஒரு கணக்கும் பாக்கி இல்லை.

இன்னொன்று வந்தது. இது பாஸ்டாவில் ஒரு இழையைப் பிடித்து இழுத்தது. நீளமாக வந்தது, மண்புழு என்று நினைத்ததோ என்னவோ, தலையை உதறியது, தொங்கத் தொங்கத் தூக்கிக்கொண்டு பறந்து கரண்ட் வயரில் உட்கார்ந்தது. அங்கே இழை நழுவி வயரிலேயே தொங்கிவிட்டது. ஒரு கொத்துக் கொத்தியது, பறந்துவிட்டது. தின்றதா, விட்டதா? பெண்களுக்குள் வழக்கு எழும்பியது. அப்போது என் தங்கச்சி, காகத்தையும் இலையையும் நம்பாதவள், கான் கட்டு மேலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

“எடுத்துட்டாக்கா. நான் பாத்தேன்.”

பொய்யோ மெய்யோ, அவள் எனக்காகச் சொன்னாள்.

ஒரு முட்டைப் பாஸ்டா. அதை அத்தனை பேருக்கும் பங்கு வைத்தபோது ஆளுக்கு ரெண்டு இழை வந்தது. வாயில் வைத்தேன். உப்பு நாக்கைச் சுட்டது. “கருவாடேதான்” என்றார் என் வீட்டுக்காரர். மேக்கணக்குப் பெண் மட்டும் தலையைக் குனிந்து மென்றுகொண்டிருந்தாள்.

“அவ செஞ்சது இப்படி இல்ல பெரியம்மா.”

எப்படி இருக்கும் என்று கேட்டேன். உப்பு கம்மி என்றாள். புகை வாசம் இருக்காது என்றாள். வாயில் வழுக்கிக்கொண்டு போகும் என்றாள். அஞ்சு வருசம் என் பிள்ளை அங்கே எப்படி வாழ்ந்தாள் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மூன்றுதான்.

வயரில் தொங்கிய இழை ஒரு கிழமை இருந்தது. மழையில் ஊறும், வெயிலில் முறுகும். பிறகு ஒருநாள் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் செய்தேன். அந்தப் பெண் வந்து தின்று பார்ப்பாள். “இன்னும் இல்ல” என்பாள். உப்பைக் குறைத்தேன், கயிற்றில் போடுவதை விட்டேன், கோழிக்கு நல்ல தீனி போட்டேன், மஞ்சள் கரு நிறம் ஏறியது. அவள் லீவு முடிந்து போவதற்கு முந்தின ஞாயிறு தின்றுவிட்டு, “கிட்ட வந்துட்டீங்க” என்றாள். மறுநாள் போய்விட்டாள். மகள் செய்ததைத் தின்ற நாக்கு இந்த மலையில் அது ஒன்றுதான் இருந்தது, அதுவும் ப்ளேன் ஏறிவிட்டது. இப்போது என் பாஸ்டா வழுக்கிக்கொண்டு போகிறது. பேத்தி ரெண்டாம் தரம் கேட்கிறாள். தங்கச்சிக்குப் படையலில் சேராமல் தனியாக அவித்து வைப்பேன், அவள் முட்டி போட்டு ஜெபம் பண்ணிவிட்டு முட்டை போட்ட பாஸ்டாவைத் தின்பாள். எல்லாருக்கும் பிடிக்கிறது. சரியாக வந்திருக்கிறதா என்றுதான் சொல்ல ஆள் இல்லை.

போன ஞாயிறு மேட்டுக்குப் போனேன். பேத்தியின் போனில் மேக்கணக்குப் பெண்ணைப் பிடித்தோம். இப்போதும் அதே காற்று. அவள் என்னவோ கேட்டாள், பாதிதான் வந்தது, எப்படி இருக்கீங்க என்று கேட்டிருப்பாள். நான் கத்தினேன்.

“ஞாயித்துக்கெழமையானா எனக்கு பாஸ்டா இல்லாம முடியலடி.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கே உறைத்தது. பக்கத்தில் சவூதிக்குக் கத்திக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சாயங்காலம் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. ஒருத்தி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

“வயசான காலத்துல நீங்களும் பாஸ்டர்கிட்ட போயிட்டீங்களாமே அக்கா.”

பேத்தி திருத்த வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மகள் சொன்னதை நான் சொன்னேன், நான் கேட்டதை இவர்கள் கேட்டார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மாவு வாடிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேர், மூன்று முட்டை. நாலாவது முட்டையை வருசத்துக்கு ஒரு தடவைதான் உடைப்பேன்.